இரவல் குரல் வேண்டாம்

மார்ச் 6

டீச்சரம்மாவுக்கு,

உறையின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்து யாரோ ரசிகர் என்று நினைத்திருப்பாய். நான்தான், இடி. முப்பது வருஷப் பழக்கத்தில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. போனை எடுத்து "என்னம்மா பண்றே?" என்று கேட்டால் வேலை முடிந்தது. இப்போது கேட்க முடியாது. போன மாதம் என் தொண்டையிலிருந்து ஒரு சின்னக் கட்டியை எடுத்தார்கள். பயப்படாதே, கெட்ட கட்டி இல்லை. ஆனால், தான் சொல்லும்வரை வாயைத் திறக்கவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எனக்கு ஒரு சிலேட்டு. செல்போனில் தட்டிப் பார்த்தேன். நான் ஒன்று நினைத்தால் அது ஒன்று எழுதுகிறது. ஆகவே பேனா.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சம்சாரம் சௌக்கியமா?" என்று கேட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் மனைவி, "சௌக்கியமா இருக்கேங்க" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் கேட்டது அந்தம்மாவை" என்றார். உன்னைத்தான். ஊருக்கு நீதானே என் பெண்டாட்டி. உன் அண்ணி வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சௌக்கியமா இல்லையா என்று எனக்கே தெரியாதே.

இரண்டு வருஷத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். பாதிப் படம் இருக்கும்போது, டீச்சர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், இனி நடிக்க மாட்டாராம் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதையில் உன்னைச் சாகடித்துவிட்டார்கள். சுவரில் உன் போட்டோவை மாட்டி, அதைப் பார்த்து நான் அழ வேண்டும். ஒரே டேக்கில் முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு உன் மேல் இருந்த கோபத்தில் வந்த கண்ணீர் அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெண் டைரக்டர் என் வீட்டுக்கு வந்தாள். முதல் படம் எடுக்கப் போகிறாள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும் பழைய காரில் ஏறி, தங்களோடு பேச்சை நிறுத்திவிட்ட மகனைப் பார்க்கப் போகிறார்கள். கதை முழுக்க அவர்கள் இருவர்தான். நாற்பது வருஷத்தில் ஒரு கதை என்னைச் சுற்றி நடப்பது இதுதான் முதல் தடவை. மனைவியாக யார் என்று கேட்டாள். சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: டீச்சர் வருவாள்.

வந்துவிடு.

இடி

மார்ச் 21

அண்ணா,

தொண்டையைக் கிழித்துத் தைத்த விஷயத்தை மூன்று வரியில் முடித்துவிட்டு, நான் ஓடிப்போன கதையைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் திருத்த முடியாது. சூடாக எதையும் குடிக்காதீர்கள். டாக்டர் பேசச் சொல்லும்வரை அண்ணியிடம்கூட வாயைத் திறக்காதீர்கள். அண்ணிக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்.

திரையில் நீங்கள் எனக்குப் புருஷன், வெளியே அண்ணா. இரண்டு இடத்திலும் என்னைக் கேட்காமலே எனக்காக முடிவு எடுக்கும் பழக்கம் மட்டும் உங்களுக்குப் போகவே இல்லை. வருவாள் என்று எழுதிக் காட்டினீர்களாம். நான் வரவில்லை. அந்தப் பெண்ணிடம் சிலேட்டை அழித்துக் காட்டிவிடுங்கள்.

ஏன் போனேன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அதற்கு முந்தைய படத்தில், நாம் இருவரும் மழையில் ஒழுகும் அந்த வீட்டு செட்டில் நடித்தோமே, அந்தப் படம் வெளியானபோது மகளையும் மாப்பிள்ளையையும் பேரக்குழந்தைகளையும் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். நானே டிக்கெட் எடுத்தேன். கடைசிவரை என் முகம் வரவில்லை. ஓர் இடத்தில் உங்கள் முன்னால் தட்டை வைக்கும் ஒரு கை வந்தது. என் கை. பேத்தி மட்டும் கண்டுபிடித்து, "பாட்டி கை" என்று சத்தமாகச் சொன்னாள். முன் வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் அந்தப் படம் முழுக்க இருந்தீர்கள். டப்பிங் பேசியிருக்கிறீர்கள். என் காட்சிகளை எடுத்துவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். "படத்துல நீ வரலேம்மா, வீட்டாரைக் கூட்டிட்டுப் போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போது மகளின் பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பல் பிடுங்க நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடுகிறார்கள். சினிமா அம்மா கையைப் பிடித்துக்கொண்டால் வலிக்காது என்று நினைக்கிறார்கள். வாயைத் திறந்து "டோக்கன் எடுத்தீங்களா?" என்று கேட்டால்தான் திகைக்கிறார்கள். இந்த வேலை எனக்குப் போதும். இங்கே யாரும் என்னை வெட்டி எறிவதில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

ஏப்ரல் 3

டீச்சரம்மா,

உன் கடிதத்தை உன் அண்ணிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் முன்னால் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அவளும் என்னோடு பேசவில்லை. வீட்டில் இரண்டு பேரும் ஊமை.

நான் என் படத்தைப் பார்ப்பதில்லை என்று உனக்குத் தெரியும். என் மூக்கைப் பெரிய திரையில் பார்க்கிற தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. டப்பிங்கில் எனக்கு என் வசனம் உள்ள துண்டுகளை மட்டும்தான் போட்டுக் காட்டுவார்கள். உன் காட்சிகளை எடுத்துவிட்டது எனக்குத் தெரியாது. இது சத்தியம். தெரிந்திருந்தால் அந்த டைரக்டர் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். அப்போது கத்த முடிந்தது.

நேற்று அந்தப் படத்தை வீட்டில் போடச் சொல்லிப் பார்த்தேன். உன் கை வந்தது. சமையலறை வாசலில் நின்று மகனிடம், "பசிக்கிறப்போ மட்டும்தான் நான் உன் கண்ணுக்குத் தெரியறேனா?" என்று கேட்பாயே, அது இல்லை. அன்றைக்கு செட்டில் லைட்மேன்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். எனக்கு அடுத்த வசனமே மறந்துவிட்டது. அதை எடுத்துப் போட்டவனுக்கு என்ன சொல்வது. பாதியில் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் டாக்டர் பேசச் சொன்னார். "ஆ" என்றேன். தகரத்தில் உப்புத்தாளைத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. போகப் போகச் சரியாகுமா என்று கேட்டேன். கொஞ்சம் தெளியும், ஆனால் பழைய குரல் வராது என்றார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை.

நான் சினிமாவுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். செட்டில் ஆணி அடிக்க வந்தவன். உச்சியில் நின்றுகொண்டு "ஏணியைப் பிடிடா" என்று கத்தியதில், கீழே காட்சி எடுத்துக்கொண்டிருந்த டைரக்டர் கையிலிருந்த டீயைச் சிந்திவிட்டு, "யார் அது?" என்று கேட்டார். மறுநாளே எனக்கு நீதிபதி அங்கி மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நீதிபதி, இன்ஸ்பெக்டர், பெரிய டாக்டர், ஹீரோவின் அப்பா. என்னைவிட இரண்டு வயது மூத்த ஹீரோவுக்குக்கூட அப்பா. அதில் நீ அம்மா, பள்ளிக்கூட டீச்சர் வேஷம், உனக்கு இருபத்தாறு; அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் டீச்சர். இதற்கெல்லாம் காரணம் என் முகமா? இந்த மூக்குக்கு யார் வேலை கொடுப்பார்கள்? குரல்தான். அது போய்விட்டது என்று அந்த டைரக்டர் பெண்ணுக்கு இன்னும் தெரியாது. ஓய்வில் இருக்கிறேன், வந்துவிடும் என்று சிலேட்டில் எழுதிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

கதையின் பிரதி ஒன்றை இதோடு அனுப்புகிறேன். படி. படிப்பதால் ஒன்றும் நடித்துவிட்டதாக ஆகாது.

இடி

ஏப்ரல் 17

அண்ணா,

நீங்கள் படம் பார்க்கிறதில்லை என்பது எனக்கு நினைவு இருந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக உங்களை மனசுக்குள்ளேயே திட்டியிருக்கிறேன். அதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி, என்னைத் தேடி ஒரு போன்கூடச் செய்யாததற்கு.

கதையைப் படித்தேன். மேஜைக்குக் கீழே வைத்துப் படித்ததில், பல் கட்ட வந்தவரை பல் பிடுங்கும் அறைக்கு அனுப்பிவிட்டேன். மகள் சத்தம் போட்டாள்.

கதை நன்றாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வீடு தெரிகிறது, மனுஷர்கள் தெரிகிறார்கள். ஆனால் இடைவேளையில் பெண்டாட்டி மாரடைப்பில் சாகிறாள். அதற்குப் பிறகு புருஷன் அவள் போட்டோவைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு மீதி தூரம் காரை ஓட்டுகிறானாம். அண்ணா, நான் எத்தனை படத்தில் செத்தாயிற்று. காய்ச்சலில், விபத்தில், மருமகள் கொடுமையில், ஹீரோ சண்டைக்குக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக. இனிமேல் என்னால் சாக முடியாது. ஒரு பெண் கடைசிக் காட்சிவரை உயிரோடு இருந்தால் கதை என்ன கெட்டுப்போகும் என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். புருஷனுக்குக் கண் மங்கட்டும். பெண்டாட்டி காரை ஓட்டட்டும். முப்பது வருஷம் பஸ் டிரைவரோடு குடித்தனம் செய்தவளுக்கு கியர் போடத் தெரியாமலா இருக்கும்?

இதை யோசனையாகத்தான் சொல்கிறேன். வருகிறேன் என்று அர்த்தம் இல்லை.

இன்னொன்று. உங்கள் குரலைப் பற்றி அந்தப் பெண்ணிடம் உடனே சொல்லிவிடுங்கள். அவளுக்கு இது முதல் படம். நாளைக்கு மைக் முன்னால் நின்று அவள் அதிர்ச்சி அடையக் கூடாது. நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. பயந்தாலும் சொல்லுங்கள்.

தங்கை

மே 9

டீச்சரம்மா,

சொல்லிவிட்டேன். சிலேட்டை உள்ளே வைத்துவிட்டு, டைரக்டர் பெண்ணை எதிரே உட்கார வைத்து, "இதும்மா இப்போ என் குரல்" என்றேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "வலிக்குதா சார்?" என்று கேட்டாள். வலிக்கவில்லை என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள். உன் அண்ணி கொண்டுவந்த காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தயாரிப்பாளரோடு வந்தாள். அவர் நேராகப் பேசுகிறவர். உங்கள் பெயரைப் போஸ்டரில் போட்டால் ஜனங்கள் அந்தக் குரலைத்தான் எதிர்பார்ப்பார்கள், இந்தக் குரலில் வந்தால் உடம்பு சரியில்லாத மனுஷனைப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்றார். அதற்கு அவர் ஒரு வழியும் வைத்திருந்தார். நீங்கள் நடியுங்கள், குரல் வேறு ஒருவர் கொடுப்பார். அந்த வேறு ஒருவர் யார் தெரியுமா? டிவியிலும் மேடையிலும் என்னைப் போலவே பேசிப் பெயர் வாங்கினாரே, அந்தப் பலகுரல் கலைஞர்.

மறுநாள் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதையில் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்தார். டீச்சர், என் குரல் அந்த அறைக்குள் வந்தது. ஏணி மேலிருந்து கத்திய குரல், கோர்ட் சீனில் மேஜை அதிர்ந்த குரல், அத்தனையும். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த உன் அண்ணி, குரல் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தாள். வாசலில் நின்று அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகும் நான் சரி என்று சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். படம் நடக்கும். அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்வு. எனக்கும் கடைசியாக ஒரு நல்ல வேஷம். குரல் யாருடையதாக இருந்தால் என்ன? நீ என்ன சொல்கிறாய்?

சொல்ல மறந்துவிட்டேன். பெண்டாட்டி சாக மாட்டாள். டைரக்டர் பெண் உன் யோசனையைக் கேட்டதும் பையிலிருந்து கதையை எடுத்து அந்தப் பக்கங்களைக் கிழித்தே போட்டுவிட்டாள்.

இடி

மே 22

அண்ணா,

குரல் யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டீர்கள். இதற்கு என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

என் குரலை எந்தத் தியேட்டரிலாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? நான் வந்த புதிதில் ஒரே ஒரு படத்தில் பேசினேன். கரகரப்பாக இருக்கிறது, அம்மா குரல் மாதிரி இல்லை என்றார்கள். அம்மா என்றால் தேனில் நனைத்த மாதிரி பேச வேண்டுமாம். அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் எனக்கு ஒரு அம்மாள் குரல் கொடுத்தார். தங்கமான மனுஷி. டப்பிங் தியேட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் எனக்காகச் சிரிப்பதையும் விம்முவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் செத்த படங்களில் கடைசி மூச்சுகூட அவருடையதுதான்.

செட்டில் நீங்கள் கேட்டது என் குரல். அதனால் உங்களுக்கு இது தோன்றியிருக்காது. உங்களை எல்லாரும் இடி இடி என்று கொண்டாடும்போது நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். பொறாமை இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு வசனத்தைக் கண்ணாடி முன்னால் நானே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். இங்கே வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, குரலைக் கேட்டுத் திகைக்கிறார்கள் என்று எழுதினேனே, வேடிக்கைக்காக எழுதினேன் என்று நினைத்தீர்களா?

அந்தச் சமையலறை வாசல் காட்சியை வெட்டினார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? அதை மட்டும் நானே பேசுகிறேன் என்று டைரக்டரிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். பேசியும் முடித்தேன். அது தியேட்டருக்கே போகவில்லை.

ஆகவே என் பதில் இது. நீங்கள் இரவல் குரலில் பேசினால் நான் வர மாட்டேன். நீங்கள் உங்கள் குரலில் பேசுங்கள், அது எப்படி இருந்தாலும். நான் என் குரலில் பேசுகிறேன். இரண்டு கரகரப்புகளும் ஒரே காரில் போகட்டும். அப்படியானால் வருகிறேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

டீச்சர்

ஜூன் 14

டீச்சரம்மா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உனக்கு வேறு ஒருவர் குரல் கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்ததைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. என் காதில் இன்றைக்கும் இருப்பது செட்டில் நீ பேசிய குரல்தான். அதைத்தான் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தயாரிப்பாளரிடம் போய் இரவல் குரல் வேண்டாம் என்றேன். அவர் வேறு நடிகரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டேன். படிக்கட்டு இறங்கத் தொடங்கினேன். டைரக்டர் பெண் பின்னாலேயே ஓடி வந்து, ஒரு காட்சி மட்டும் எடுத்துக் காட்டுகிறேன், பிறகு முடிவு செய்யுங்கள் என்று என்னையும் தயாரிப்பாளரையும் தடுத்து நிறுத்தினாள்.

எங்கள் வீட்டுக் கூடத்திலேயே எடுத்தாள். புருஷன் கார் சாவியைத் தேடும் காட்சி. நான் என் குரலில் பேசினேன். பிறகு அதே காட்சிக்குப் பலகுரல் கலைஞர் பேசினார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார்கள். என் படத்தை நானே பார்க்க வேண்டியதாகப் போயிற்று. முதலாவதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இரண்டாவதில் குரல் கம்பீரமாக இருந்தது, ஆனால் என் வாயை விட்டுத் தள்ளி எங்கேயோ நின்றது.

தயாரிப்பாளர் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். அவருக்கு மறுப்புச் சொன்னது அந்தப் பலகுரல் கலைஞர். "சார் இப்போ பேசறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுக்கறார். அந்த மூச்சுக்கேத்த மாதிரி முகமே மாறிடுச்சு. என்கிட்ட இருக்கறது அவரோட பழைய குரல். இந்த முகத்துக்கு அது பொருந்தலீங்க" என்றார். தன் வாய்ப்பைத் தானே வேண்டாம் என்று சொல்கிற மனுஷரை அன்றைக்குத்தான் பார்த்தேன். போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தயாரிப்பாளர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். படத்தை முடித்துப் போட்டுப் பார்ப்போம், சரியாக வரவில்லை என்றால் இரண்டு பேருக்கும் டப்பிங்தான் என்று சொல்லியிருக்கிறார். டைரக்டர் பெண் உன்னோடு போனில் பேசினாளாமே. போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "இந்தக் குரல்ல ஒரு அம்மா என்கிட்ட வண்டி சாவியைக் கேட்டா, உடனே குடுத்துடுவேன் சார்" என்றாள்.

அடுத்த மாதம் ஆரம்பிக்கிறார்கள். உனக்கு எங்கள் வீட்டிலேயே ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாள் உன் அண்ணி.

இடி

ஜூன் 27

அண்ணா,

மகளிடம் சொன்னேன். கையுறையைக் கழற்றாமலே நின்று கேட்டாள். "திரும்பவும் வெட்டிட்டா என்னம்மா பண்ணுவே? அன்னிக்கு தியேட்டர்லேருந்து நீ வந்த வருகையை நான் மறக்கலே" என்றாள். அவள் கேட்டது நியாயம். வெட்டினால் வெட்டட்டும், பேசிவிட்டு வருகிறேன் என்றேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்மேஜைக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றாள். போகச் சொல்கிறாள் என்று அர்த்தம்.

கார் ஓட்டப் பழகுகிறேன். மாப்பிள்ளை சொல்லித்தருகிறார். பொறுமைசாலி என்று நினைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். கிளட்சை விட்டால் வண்டி குதிக்கிறது, விடாவிட்டால் அழுகிறது. இடைவேளையிலேயே பேசாமல் செத்திருக்கலாம் என்று இரண்டு தடவை தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஸ்டேஷனுக்கு அண்ணியும் வரட்டும். நீங்கள் மட்டும் வந்தால் வழியெல்லாம் பேசிப் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

தங்கை

நவம்பர் 5

டீச்சரம்மா,

நீ ஊருக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. உன் அறைக் கதவை உன் அண்ணி இன்னும் சாத்தவில்லை.

முந்தாநாள் தயாரிப்பாளருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். உன்னால் வர முடியவில்லை, ஆகவே உன் சார்பிலும் சேர்த்து நானே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன அரங்கம். முன்வரிசையில் அவர், பக்கத்தில் படத்தை வாங்க வந்த இருவர். டைரக்டர் பெண் உட்காரவே இல்லை, சுவரோடு ஒட்டி நின்றாள்.

ஆரம்பத்தில் என் குரல் வந்ததும் வாங்க வந்தவர்களில் ஒருவர் திரும்பித் தயாரிப்பாளரைப் பார்த்தார். அப்புறம் வழியில் கார் நின்றுபோகிற இடம் வந்தது. நான் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீ கையை நீட்டி, "இத்தனை வருஷம் நீ ஓட்டின வண்டியிலே நான் வாயை மூடிட்டு வந்தேன். இனிமே நான் ஓட்டறேன், நீ வழி சொல்லு" என்கிறாய். டீச்சர், திரும்பிப் பார்த்த அந்த மனுஷர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். எனக்கு அந்த வசனம் மனப்பாடம், எதிரே நின்று கேட்டவன் நான். ஆனாலும் உன் குரல் பெரிதாக, சுவரெல்லாம் பட்டுத் திரும்பி வந்தபோது, இத்தனை காலம் இந்த ஜனங்களுக்கு என்ன கொடுக்காமல் வைத்திருந்தோம் என்று தோன்றியது. அழுதுவிட்டேன். இந்தத் தடவை கண்ணீரில் கோபமெல்லாம் இல்லை.

விளக்கு போட்டார்கள். தயாரிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்தம்மா குரல்ல யாரும் கை வைக்க வேண்டாம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "இவரோடதும் இருக்கட்டும். அந்தம்மாவுக்கு ஏத்த குரல்தான்" என்றார். நாற்பது வருஷம் இடியாக இருந்தவனுக்குக் கிடைத்த சான்றிதழ் இது. நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாத ஆரம்பத்தில் படம் வெளியாகிறது. எப்படிப் போகும் என்று தெரியாது. நீ பார்த்துவிட்டு எழுது. இந்தத் தடவை வீட்டாரைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போ.

இடி

டிசம்பர் 19

அண்ணா,

பார்த்தோம். முதல் நாள் பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. மகள் என்னைவிடப் பதற்றமாக இருந்தாள். நான் பேச ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பவே இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "வீட்டிலே என்னைத் திட்டற குரலும்மா அது" என்று சொல்லிவிட்டுக் காரைத் திறக்கத் தெரியாமல் சாவியோடு தடுமாறினாள். நான் வாங்கித் திறந்தேன். வீடுவரை நான்தான் ஓட்டினேன். ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை.

இரண்டாவது வாரம் இங்கே இடம் கிடைக்கவில்லை என்கிறார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறார்களாம். ஒரு பத்திரிகையில் உங்கள் குரலைப் பற்றி, பழைய கம்பீரம் இல்லை என்று எழுதியிருந்தான் ஒருவன். உங்களுக்கு யாராவது அனுப்புவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த வரியில், கம்பீரம் இருந்த காலத்தில் இந்த மனிதரை நாம் இவ்வளவு கவனித்துக் கேட்டதில்லை என்றும் எழுதியிருந்தான். முதல் வரியைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

இப்போது வேறு விஷயம். நேற்று ஒரு டைரக்டர் போன் செய்தார். புதுப் படம், முழுக்கக் கோர்ட்டில் நடக்கிற கதை. என்ன அம்மா வேஷம் என்று கேட்டேன். அம்மா இல்லை, நீங்கள்தான் நீதிபதி என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். குடும்பம் உண்டா, பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். அதெல்லாம் கதையில் வராது, படம் முழுக்கத் தீர்ப்புச் சொல்வதுதான் உங்கள் வேலை என்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்பது யார் என்று கேட்டேன். ஒரு கிழவராம், அதற்கு உங்களைக் கேட்கப் போகிறாராம். வில்லன் வேஷம். இந்தக் குரலுக்கு அது பிரமாதமாகப் பொருந்தும் என்று நானே சிபாரிசு செய்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் உங்களுக்காக முடிவு எடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டாம்.

விருந்தாளியாக வந்து தங்குவது இனிச் சரிப்படாது. அண்ணியிடம் சொல்லி உங்கள் தெருவிலேயே எனக்கு ஒரு வீடு பார்க்கச் சொல்லுங்கள். மாடி வேண்டாம், முழங்கால் ஒத்துழைக்காது. வாசலில் ஒரு கார் நிறுத்த இடம் இருக்க வேண்டும். பொங்கி வரும் கோபத்தையெல்லாம் கோர்ட் சீனுக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். வக்கீல் நல்லவராகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர்